மீன் பையில் எழுத வேண்டிய எண்

கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்ப்பது கொழும்பில் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் ஒரு காலத்தில் நமதூரில் பேசிக்கொண்டோம். இன்று நிலைமை வேறு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் நான் போய்வரும் புதிய வீடுகளில் முன்மண்டபத்தில் ஒரு தொட்டியைக் காண்கிறேன். அநேகமானவை நன்னீர்த் தொட்டிகள். ஆனால் கடல் நீர்த் தொட்டி கேட்டு வருபவர்களும் இருக்கவே செய்கிறார்கள். 2003ஆம் ஆண்டு ‘பைண்டிங் நீமோ’ திரைப்படம் வந்த பிறகு, செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட கோமாளி மீனைப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். பிள்ளை கேட்டால் வாப்பா மறுப்பாரா?

இங்கேதான் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. தொட்டி, தாங்கி, விளக்கு, பம்ப், வடிகட்டி, உப்பு என்று பெருந்தொகையைச் செலவழித்த ஒருவர் கடைசியில் மூன்று மீன்களை வாங்கிக்கொண்டு போகிறார். மூன்றாம் நாள் ஒன்று சாகிறது. ஐந்தாம் நாள் மற்ற இரண்டும் சாகின்றன. “கண்ணூறு பட்டிட்டுது” என்று உம்மா சொல்வார். “கடைக்காரன் நோய் பிடிச்ச மீனைத் தந்திட்டான்” என்று அயலவர் சொல்வார். இன்னொரு முறை முயன்று பார்ப்பவர்கள் சிலர்தான். மற்றவர்களின் தொட்டி முற்றத்துக்கு வந்து பூக்கன்று நடும் பாத்திரமாகிவிடுகிறது.

கடைக்காரருக்கு இதில் எவ்வளவு நட்டம் என்பதைக் கணக்குப் பார்த்தால்தான் விளங்கும். மீனில் கிடைக்கும் இலாபம் சொற்பம். தொட்டியை ஒரு வாடிக்கையாளர் ஒரு தடவைதான் வாங்குவார். ஆனால் தீனி, உப்பு, வடிகட்டிப் பஞ்சு, விளக்கு, பம்பின் உதிரிப்பாகம் ஆகியவற்றை மாதாமாதம், வருடக் கணக்கில் வாங்குவார். கடை வாடகையைக் கட்டுவது அந்த விற்பனைதான். முதல் கிழமையில் சாகும் மீன் அந்த வாடிக்கையாளரையும் கொண்டு போய்விடுகிறது.

அந்த மீன்கள் ஏன் சாகின்றன? நோய், பசி, பழைய மீன்களின் கடி என்று காரணங்கள் பல. ஆனால் நான் பார்த்த அளவில், யாருடைய கண்ணிலும் படாத காரணம் உப்பின் அளவு.

திறந்த கடலில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. வீட்டில் தொட்டி வைப்பவர் புத்தகத்தைப் பார்த்தோ இணையத்தைப் பார்த்தோ அதே அளவை வைத்துக்கொள்கிறார். ஆனால் மீன் விற்கும் கடைகளில் பல, நீரை 25, 27 கிராம் அளவில் வைத்திருக்கின்றன. அதில் மோசடி எதுவும் இல்லை. கடல் தொட்டிக்கான உப்பு இறக்குமதிச் சரக்கு, விலை கூடியது. அத்தோடு குறைந்த உப்பில் சில ஒட்டுண்ணிகளின் தொல்லை குறைகிறது. மீனும் அந்த அளவைப் பல நாட்கள் தாங்கிக்கொள்ளும். கடைக்குள் மீன் நன்றாக நீந்துகிறது, நன்றாகத் தின்கிறது, வாங்குபவர் திருப்தியோடு கொண்டு போகிறார். தவறு அதைச் சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. துணிக்கடையில் சாயம் போகும் சீலையை “முதல் தடவை தனியாகக் கழுவுங்க” என்று சொல்லித்தானே கொடுக்கிறோம்?

கடல் மீனின் உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் உப்பு, கடல் நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். ஆகவே வெளியிலுள்ள உப்பு நீர் மீனின் உடம்பிலிருந்து ஓயாமல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அதை ஈடு செய்ய மீன் கடல் நீரைக் குடிக்கிறது. குடித்த நீரோடு வந்த மேலதிக உப்பைப் பூக்களின் வழியாக வெளியே தள்ளுகிறது. (ஆம், கடலுக்குள் வாழும் மீனுக்கும் தாகம் இருக்கிறது.) 27இல் பழகிய மீனைத் திடீரென்று 35இல் விட்டால் அந்த உறுப்புகள் புதிய வேலைக்குத் தயாராவதற்கு முன்பே உடம்பு வற்றத் தொடங்குகிறது. அன்றே சாவதில்லை, இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதனால்தான் எல்லோரும் நோய் என்று நினைக்கிறார்கள். கூடிய உப்பிலிருந்து குறைந்த உப்புக்குப் போவதை மீன் ஒப்பீட்டளவில் இலகுவாகத் தாங்கும். குறைவிலிருந்து கூடுதலுக்குப் போவதுதான் ஆபத்து.

இந்தப் பாடம் நமது வாவிக் கரைக்குப் புதியதல்ல. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் நீர், மாரியில் ஆற்று வெள்ளம் வந்து கலக்கும்போது ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் உவர்ப்பு ஏறும். பாலமீன்மடு முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் மூடிவிட்டதா என்பதைப் பொறுத்தும் அது மாறும். கொடுவா போன்ற மீன்கள் இந்த மாற்றத்துக்கேற்பப் படைக்கப்பட்டவை. எண்பதுகளில் வாவிக்கரையில் இறால் பண்ணைகள் தொடங்கப்பட்டன. யுத்தம் அவற்றை இல்லாமலாக்கியது. இறால் குஞ்சுப் பையைக் குளத்தில் மிதக்கவிட்டு, குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகே திறந்துவிடுவது இறால் பண்ணை வேலையின் ஆரம்பப் பாடம். அந்தப் பண்ணைகளில் கூலிக்கு நின்றவருக்குத் தெரிந்தது, இன்று இலட்ச ரூபாய்த் தொட்டி வைத்திருப்பவருக்குத் தெரியாமலிருக்கிறது.

வாவியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். “வாவித் தண்ணியும் உப்புத்தானே காக்கா, அதை ஊத்தினா என்ன?” என்று கேட்கிறார்கள். கூடாது. பவளப்பாறை மீனுக்கு வாவி நீர் சரிவராது. கடல் நீரை எடுப்பவர்களும் முகத்துவாரத்துக்குத் தூரமாக, மழை விட்ட பிறகு எடுத்து, அளந்து பார்த்தே பாவிக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் கரையோரக் கடல் நீரும் கலங்கி, உப்புக் குறைந்துவிடும். அளப்பதற்கு மலிவான ஹைட்ரோமீற்றர் போதும். அதில் 1.026 என்று காட்டுவது ஏறத்தாழ 35 கிராம். 1.019 என்றால் ஏறத்தாழ 25. வசதியுள்ளவர்கள் ரிபிரக்டோமீற்றர் வாங்கலாம்.

இனி, மீன் வரும் தூரம். கல்குடா, பாசிக்குடாப் பக்கத்திலிருந்து வரும் மீன் சுமார் ஒரு மணித்தியாலத்தில் மட்டக்களப்பு நகருக்கு வந்துவிடும். கொழும்பிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ வரும் மீன், பொதி கட்டிய நேரத்தையும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் பைக்குள் கிடக்கிறது. இந்த இரண்டையும் ஒரே முறையில் தொட்டிக்குப் பழக்கக் கூடாது.

பக்கத்திலிருந்து வந்த மீனுக்குச் சொட்டு முறை நல்லது. தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பையைத் திறக்காமல் பதினைந்து இருபது நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகும். பிறகு சவர்க்காரம் படாத ஒரு வாளியில் மீனைப் பை நீரோடு விட்டு, தொட்டியிலிருந்து நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். இதற்கு பார்மசியில் விற்கும் சேலைன் குழாயைவிட வசதியானது வேறில்லை. உருளையைத் திருகி வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். செக்கனுக்கு இரண்டு மூன்று சொட்டு. வாளி நீர் இரட்டிப்பானதும் பாதியை ஊற்றிவிட்டு மீண்டும் இரட்டிப்பாக விட வேண்டும். முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் எடுக்கும். வாளிக்குள் காற்றுக் குழாய் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பை நீரைத் தொட்டிக்குள் ஊற்றவே கூடாது. கடைத் தொட்டியின் கழிவும் கிருமியும் மருந்தும் அதில் இருக்கும். முள்ளுள்ள மீனை வலையால் அள்ளாமல் ஒரு பிளாஸ்ரிக் கிண்ணத்தால் எடுப்பது நல்லது. வலையில் முள் சிக்கினால் மீனுக்கும் காயம், கைக்கும் காயம்.

தூரத்திலிருந்து வந்த மீனுக்கு இதே முறையைச் செய்தால் மீனைக் கொல்வதாகிவிடும். காரணம் அமோனியா. மூடிய பைக்குள் மீன் மூச்சு விட விட காபனீரொட்சைட்டு சேர்கிறது, நீரின் பீ.எச். பெறுமானம் இறங்குகிறது. அதே நேரம் மீனின் கழிவிலிருந்து அமோனியாவும் சேர்கிறது. ஆனால் பீ.எச். குறைந்த நீரில் அதில் பெரும்பகுதி நச்சுக் குறைந்த வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்து காற்றுப் பட்டதும் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது, பீ.எச். ஏறுகிறது, அடங்கிக் கிடந்த அமோனியா நஞ்சாகிறது. பீ.எச். ஓர் அலகு ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். அந்த நீருக்குள் மீனை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் சொட்டு விடுவது மீனை நஞ்சில் ஊறப்போடும் வேலை.

ஆகவே நீண்ட பயணம் செய்த மீனுக்காக ஒரு சிறு தொட்டியை முன்கூட்டியே தயாராக வைக்க வேண்டும். அதன் உப்பு, மீன் வரும் பையின் உப்போடு ஒத்திருக்க வேண்டும். பையை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், திறந்து, உடனே மீனை அதற்குள் மாற்றிவிட வேண்டும். பிறகு நாளுக்கு ஒரு கிராம், கூடினால் இரண்டு கிராம் வீதம் உப்பை ஏற்றலாம். 27இலிருந்து 35க்குப் போக நான்கு முதல் எட்டு நாள். ஆவியாகும் நீருக்குப் பதிலாக உப்பு நீரையே ஊற்றி வந்தாலும் மெதுவாக ஏறிவிடும். எப்படியும் புது மீனை மூன்று நான்கு கிழமை தனியே வைத்திருப்பதுதான் முறை. வெள்ளைப் புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் அதை வெளியேற்றுவது இலேசான காரியமல்ல.

இதையெல்லாம் செய்வதற்கு வீட்டுக்காரருக்கு ஓர் எண் தெரிந்திருக்க வேண்டும். அது கடைக்காரரிடம் மட்டுமே இருக்கிறது.

கோமாளி மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தில் வரும் செம்மஞ்சள் வகை நமது கடலுக்குரியதல்ல. நமது பாறைகளில் காணப்படுவது கருமையான உடம்பும் வெள்ளைப் பட்டியும் மஞ்சள் வாலும் கொண்ட வகை. செம்மஞ்சள் வகை பல நாடுகளில் பண்ணைகளிலேயே இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. தமிழ்நாட்டின் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் கோமாளி மீன் குஞ்சுகளை உற்பத்தி செய்திருக்கிறார்கள். பண்ணை மீன் தொட்டிக்கும் குருணைத் தீனிக்கும் பிறப்பிலேயே பழகியது. முதன்முதலாக வாங்குபவருக்கு அதைக் கொடுப்பதே புத்திசாலித்தனம். கடலில் பிடித்த வண்ணத்துப்பூச்சி மீனைக் கொடுத்தால், சில வகைகள் பவளத்தைத் தவிர வேறெதையும் தொடாமல் பட்டினி கிடந்தே செத்துவிடும்.

கடலில் பிடிப்பது பற்றிச் சொல்வதானால், இந்த ஏற்றுமதித் தொழில் இலங்கையில் 1930களிலேயே சிறு அளவில் ஆரம்பித்தது. 2003இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் சார்பில் வெளியான ஓர் அறிக்கை, உலகில் ஆண்டுக்கு 20 முதல் 24 மில்லியன் வரையான கடல் அலங்கார மீன்கள் விற்கப்படுவதாக மதிப்பிட்டது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது சுழியோடிகள் நமது கிழக்குக் கடலுக்கு வருகிறார்கள். பவளத்தை மூடிப் போட்டு, உடைத்து மீனை விரட்டும் மொக்சி வலை நமது நாட்டில் தடை செய்யப்பட்டது. காயங்கேணிப் பாறைப் பகுதி 2019இல் கடல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. எங்கே, எப்படிப் பிடித்த மீன் என்று கேட்காமல் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கும் கடைக்காரர், தனது நாளைய சரக்கைத் தானே அழிக்கிறார். பாறையிலிருந்து பிடிபட்டு, வீட்டுக்கு வந்து ஐந்தாம் நாள் சாகும் ஒவ்வொரு மீனுக்கும் ஈடாக இன்னொன்று பிடிக்கப்படும் அல்லவா?

புது மீன் வந்த முதல் இரவு விளக்குப் போட வேண்டாம். தீனி மறுநாள் போதும். இறாலும் நட்சத்திர மீனும் வாங்குபவர்கள் மீனைவிட இரு மடங்கு பொறுமை காட்ட வேண்டும். அவற்றுக்கு உப்பின் மாற்றம் இன்னும் பொல்லாதது. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எனது கடையில் மீன் பை ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனையால் மூன்று விடயங்கள் எழுதப்படுகின்றன. உப்பு எத்தனை கிராம், வெப்பம் எத்தனை பாகை, பை கட்டிய நேரம். வேலைக்கு நிற்கும் தம்பிக்கு இதற்கு அரை நிமிடம் போகிறது. கொழும்பில் எனக்கு மீன் அனுப்பும் மொத்த வியாபாரியிடமும் இதையே கேட்டேன். “நாங்க முப்பது வருசமா அனுப்புறோம், ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல” என்று சிரித்தார். கேட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது ரெஜிபோம் பெட்டியின் மூடியிலேயே எழுதி அனுப்புகிறார். சென்ற மாதம் வந்த பெட்டியில் 26 என்றிருந்தது. பெட்டி ஊருக்கு வந்து சேர்வதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டு, சிறு தொட்டியை 26க்கு இறக்கி வைத்திருந்தோம்.