கடலோரத்து ஏற்றங்கள்

கடலோரச் சாலை என்றால் சமதரை என்றுதான் நினைப்போம். கலிபோர்னியாவின் பிக் சர் கரையில் சைக்கிள் மிதித்தால் அந்த நினைப்பு ஒரே நாளில் மாறிவிடும். சாந்தா லூசியா மலைத்தொடர் அங்கே நேராகப் பசிபிக் கடலில் இறங்குகிறது. 1937-இல் திறக்கப்பட்ட நெடுஞ்சாலை அந்த மலைச்சரிவையே செதுக்கிப் போட்டது. அதனால் ஏறுவதும் இறங்குவதுமாகவே பொழுது போகும்.

நெடுந்தூரப் பயணிகள் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே போகிறார்கள். கோடையில் வடமேற்குக் காற்று முதுகைத் தள்ளிக்கொடுக்கும். அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், கடலும் கையெட்டும் பக்கத்திலேயே கூட வரும்.

கார்மல் ஊரிலிருந்து காலையில் கிளம்பினால், சுமார் 20 கிலோமீட்டரில் பிக்ஸ்பி பாலம். 1932-இல் கட்டி முடித்த கான்கிரீட் வளைவு. ஓடைக்கு மேலே ஏறத்தாழ 260 அடி உயரம். அழகில் மயங்கி அங்கேயே நின்றுவிடத் தோன்றும். ஆனால் பாலம் தாண்டியதுமே 'ஹரிக்கேன் பாயின்ட்' ஏற்றம் காத்திருக்கிறது. பெயருக்கேற்ற காற்று! பைகளைச் சுமந்த சைக்கிளைப் பக்கவாட்டிலேயே தள்ளிவிடும்.

மாலையில் ஃபைஃபர் பிக் சர் பூங்காவின் செம்மரங்களுக்கு அடியில் கூடாரம். நடந்தும் சைக்கிளிலும் வருபவர்களுக்கென்றே அங்கே குறைந்த கட்டணத்தில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.