ஒரே லேப்டாப்பில் இரண்டு ஓ.எஸ்... 'ஃபார்மேட்' என்றதும் தலையாட்டாதீர்கள்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு வாங்கிய லேப்டாப், வீட்டில் இன்னமும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால், 'டி.பி.எம் 2.0 சிப் இல்லை, பிராசஸர் பழசு' என்று சொல்லி விண்டோஸ் 11 அதில் ஏற மறுக்கும்.

'அப்படின்னா புதுசுதான் வாங்கணுமா?' என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே லினக்ஸையும் ஏற்றிக்கொள்வது. இதற்குப் பெயர் 'டூயல் பூட்'. டேலி கணக்கு, பழைய பிரின்டர் போன்ற வேலைகளுக்கு விண்டோஸ். பேங்க், மெயில், பிள்ளைகளின் படிப்பு போன்ற இணைய வேலைகளுக்கு, தொடர்ந்து அப்டேட் கிடைக்கும் லினக்ஸ். லினக்ஸ் இலவசம் என்பதால், ஒரு பென் டிரைவ்தான் செலவு.

இது நமக்குப் புதிதும் அல்ல. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில், விண்டோஸும் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆன் செய்ததும் 'எது வேண்டும்?' என்று கேட்ட திரை பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

ஒரே வீடு, இரண்டு குடித்தனம்!

வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர் எழுப்பி, இரண்டு குடித்தனம் வைப்பதைப் போன்றதுதான் இது. வீடு என்பது ஹார்ட் டிஸ்க். சுவர் என்பது 'பார்ட்டிஷன்'. ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் லினக்ஸ். வாசலில் ஒரு காவலாளி நின்று, 'யார் வீட்டுக்குப் போகணும்?' என்று கேட்பார். அவர் பெயர் 'கிரப்'. அவர் நிற்பதற்கென்றே டிஸ்க்கில் 'இ.எஃப்.ஐ' என்ற குட்டி இடம் ஒன்று உண்டு.

இந்தக் காவலாளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டூயல் பூட்டில் வரும் பெரும்பாலான கோளாறுகள் இவரைச் சுற்றித்தான் வருகின்றன. வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வழிகாட்ட வாசலில் ஆள் இருக்க மாட்டார், அவ்வளவுதான். இது தெரியாமல், 'எல்லாம் போச்சு, ஃபார்மேட் பண்ணிடுங்க' என்று சொல்லி, பத்து வருடக் குடும்ப போட்டோக்களை நாமே அழித்துவிடுகிறோம்.

தொடங்கும் முன் மூன்று வேலைகள்

1. பேக்கப்: போட்டோ, சான்றிதழ், கணக்கு ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்த காப்பி திறக்கிறதா என்று நாலைந்து ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகவே கூடாது.

2. பிட்லாக்கர் சாவி: புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பூட் செட்டிங்கை மாற்றினால், 48 இலக்க 'ரெக்கவரி கீ'யைக் கேட்டு விண்டோஸ் அடம்பிடிக்கலாம். அந்த எண் கையில் இல்லை என்றால், பூட்டிய ஃபைல்களை யாராலும் திறக்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தால், பொதுவாக இந்த எண் அங்கே இருக்கும். அதை ஒரு பேப்பரில் எழுதி பீரோவில் வைத்துவிட்டு, பிட்லாக்கரை ஆஃப் செய்யுங்கள்.

3. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்: ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாகத் தூங்குவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருப்பதற்காக அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் அதன் பக்கத்தில் எதையாவது எழுதினால் ஃபைல்கள் கெட்டுப்போகலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் இந்த வசதியை ஆஃப் செய்துவிடுங்கள்.

ஏற்றுவது எப்படி?

புதியவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' ஏற்றது. பார்ப்பதற்குக் கொஞ்சம் விண்டோஸ் சாயலிலேயே இருக்கும். 2 ஜி.பி ரேம் இருந்தாலே ஓடும் என்றாலும், 4 ஜி.பி இருந்தால்தான் நிம்மதி. பழைய லேப்டாப் என்றால் மின்ட்டின் 'எக்ஸ்.எஃப்.சி.இ' பதிப்பு இலகுவாக இருக்கும்.

முதலில் சுவர் எழுப்ப வேண்டும். விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டைத் திறந்து, சி டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுங்கள். 50 ஜி.பி வேண்டும் என்றால் 51200 என்று போட வேண்டும். அப்படிக் கிடைக்கும் காலி இடத்தை எதுவும் செய்யாமல் விட்டுவிடுங்கள்.

அடுத்து, மின்ட் ஃபைலை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து டவுன்லோடு செய்து, 'ரூஃபஸ்' என்ற இலவச மென்பொருள் மூலம் 8 ஜி.பி பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும், கவனம்.

பென் டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்யும்போதே பூட் மெனு கீயைத் தட்டுங்கள். டெல், லெனோவோ லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப்12; ஹெச்.பி-யில் எஃப்9. இப்போது மின்ட் பென் டிரைவிலிருந்தே ஓடும். உடனே இன்ஸ்டால் செய்ய வேண்டாம். வைஃபை, சவுண்டு, டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் எதுவும் மாறாது.

பிடித்திருந்தால் இன்ஸ்டால் கொடுங்கள். இங்கேதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டிய திரை வரும். 'இன்ஸ்டால் அலாங்சைடு' என்றால் விண்டோஸுக்குப் பக்கத்தில் ஏற்றுவது. 'எரேஸ் டிஸ்க்' என்றால் டிஸ்க்கையே துடைத்துவிடுவது. நமக்கு வேண்டியது முதலாவது. அந்த ஆப்ஷன் திரையில் வரவே இல்லை என்றால், துணிந்து வேறொன்றை அமுக்காமல் வெளியே வந்துவிடுங்கள். அதற்குள் எதையும் மாற்றியிருக்க மாட்டீர்கள்.

சிக்கல் வந்தால் என்ன செய்வது?

மெனுவே வராமல் நேராக விண்டோஸுக்குப் போகிறதா? விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இப்படி ஆவதுண்டு. பயாஸ் செட்டிங்கில் பூட் ஆர்டருக்குப் போனால், 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலிடத்தில் உட்கார்ந்திருக்கும். அதைக் கீழே இறக்கி, 'உபுன்டு' என்பதை மேலே ஏற்றுங்கள். (மின்ட், உபுன்டுவின் அடிப்படையில் உருவானது என்பதால் அந்தப் பெயரே வரும்.) காவலாளி திரும்பி வந்துவிடுவார்.

லினக்ஸ் மட்டும் திறக்கவில்லையா? 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, பலருடைய டூயல் பூட் லேப்டாப்களில் பாதுகாப்பு விதிமீறல் என்று பிழைச்செய்தி காட்டி லினக்ஸ் நின்றுபோனது. பயாஸில் 'செக்யூர் பூட்'டைத் தற்காலிகமாக ஆஃப் செய்து உள்ளே போய், லினக்ஸை அப்டேட் செய்துவிட்டு மறுபடி ஆன் செய்வது இதற்கான வழிகளில் ஒன்று. பிட்லாக்கர் சாவியை எழுதி வைக்கச் சொன்னது இந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

கறுப்புத் திரையில் 'கிரப்' என்ற எழுத்து மட்டும் நிற்கிறதா? காவலாளி வழி மறந்து நிற்கிறார் என்று அர்த்தம். பூட் மெனு கீயைத் தட்டி 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருந்தால், அதைத் தேர்ந்தெடுத்து விண்டோஸுக்குள் போய்விடலாம். பிறகு, அதே மின்ட் பென் டிரைவில் ஓட்டி, 'பூட் ரிப்பேர்' என்ற கருவியை இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டுகிறதா? பேட்டரி கோளாறு அல்ல. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் சர்வதேசப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை மணி. உள்ளூர் நேரத்தையே பின்பற்றும்படி லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது.

லினக்ஸில் வைஃபை வரவில்லையா? உங்கள் போனை கேபிளில் இணைத்து 'யு.எஸ்.பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். அந்த இணையத்தை வைத்தே 'டிரைவர் மேனேஜர்' வழியாகத் தேவையான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

லினக்ஸ் வேண்டாம் என்றால்?

எடுத்தவுடன் அதன் பார்ட்டிஷனை அழித்துவிடாதீர்கள். காவலாளிக்குத் தேவையான ஃபைல்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. முதலில் பயாஸில் விண்டோஸை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, அது நேராகத் திறக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு லினக்ஸ் பகுதியை அழிக்கலாம். 'உபயோகம் இல்லாமல் கிடக்கிறதே' என்று அந்தக் குட்டி இ.எஃப்.ஐ பகுதியை மட்டும் தொட்டுவிடாதீர்கள். அது போனால் விண்டோஸும் திறக்காது.

கடைக்குப் போகும் முன்...

டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், மேலே சொன்ன எதையும் முயற்சி செய்ய வேண்டாம். அது ஹார்ட்வேர் கோளாறு. உடனே ஆஃப் செய்துவிட்டு, டேட்டா மீட்கத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

மற்றபடி, விண்டோஸே திறக்காவிட்டாலும், டிஸ்க் நன்றாக இருந்து பிட்லாக்கர் பூட்டும் இல்லை என்றால், மின்ட் பென் டிரைவில் ஓட்டி உங்கள் போட்டோக்களை வெளியே காப்பி எடுத்துவிடலாம். அதனால், 'ஃபார்மேட் பண்ணினால்தான் சரியாகும்' என்று யார் சொன்னாலும் முதலில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: 'பூட் ஆர்டர் பார்த்தீங்களா? உள்ளே இருக்கிற ஃபைலைக் காப்பி எடுத்தீங்களா?'

இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்த பிறகு ஃபார்மேட் பற்றிப் பேசலாம்!