சொன்னவர் யார்?

ஒரு ஹதீஸில் இரண்டு பகுதிகள் உண்டு. சொல்லப்பட்ட செய்தி ‘மத்ன்’. அதை யார் யாரிடம் கேட்டார் என்னும் தொடர் ‘ஸனது’. ஹிஜ்ரி 256 இல் மறைந்த இமாம் புகாரி அவர்கள், அறிவிப்பாளர்களை ஆராய்ந்தே தமது தொகுப்பை அமைத்தார்கள். நாம் எழுதும் கட்டுரைக்கும் செயற்றிட்டத்துக்கும் இந்த ஒழுங்கு வேண்டும் என்பது என் எண்ணம்.

புளியந்தீவுக் கோட்டையை 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர் என்பது பலரும் அறிந்த செய்தி. அதற்குச் சான்று காட்டத் தேவையில்லை. ஆனால் வி. சீ. கந்தையா ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) நூலில் கூறும் கருத்தொன்றை எடுத்தாண்டால், ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம் நான்கையும் குறிப்பிட வேண்டும். வசனத்தை அப்படியே எடுத்தால் மேற்கோட்குறியும் இட வேண்டும். சொற்களை மாற்றி எழுதினாலும் கருத்து அவருடையதே.

வாய்மொழிக்கும் இது பொருந்தும். உம்மம்மாமார் பாடும் கவிகளை எழுதியெடுத்து, ‘நாட்டார் பாடல்’ என்று மட்டும் போடுவது வழக்கமாகிவிட்டது. பாடியவரின் சம்மதம் பெற்று, அவர் பெயர், ஊர், கேட்ட திகதி மூன்றையும் கீழே எழுதுவோம். பள்ளிக்கூடம் போகாத ஒரு மூதாட்டியின் பெயர் அச்சேறுவதற்கு அந்த ஒரு வரிதான் வழியாக இருக்கலாம்.