முட்டை இருக்கிறது, குஞ்சு இல்லை: 50 ஆண்டுகளாகத் தவிக்கும் ஸ்டர்ஜன்... நதியையே சரிசெய்யும் பழங்குடிகள்!

1974 செப்டம்பர் 20. அமெரிக்காவின் ஐடஹோ மாகாணத்தில், வெறும் 67 பேர் கொண்ட ஒரு பழங்குடிச் சமூகம், அமெரிக்க அரசின் மீது போர் அறிவித்தது. தலைமை தாங்கியவர் ஏமி ட்ரைஸ் என்ற பெண். ஒரு தோட்டாகூட வெடிக்காத அந்தப் 'போரின்' முடிவில், கூட்னே பழங்குடியினருக்கு 12.5 ஏக்கர் நிலம் கிடைத்தது.

அதே 1974-ல் அவர்கள் ஊரை ஒட்டி ஓடும் கூட்னே நதியில் இன்னொன்றும் நடந்தது. அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை. அந்த நதியின் வெள்ளை ஸ்டர்ஜன் மீன்கள் இயற்கையாகக் குஞ்சு பொரித்து, அவை கணிசமான எண்ணிக்கையில் பிழைத்த கடைசி ஆண்டு அதுதான்.

மீன்கள் இன்றும் இருக்கின்றன. முட்டையும் இடுகின்றன. ஆனால் அடுத்த தலைமுறை வரவில்லை. ஏன்?

முதலில், ஸ்டர்ஜன் என்றால் என்ன?

'கேவியர்' கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்பூன் கணக்கில் விற்கும் அந்தக் காஸ்ட்லியான மீன் முட்டை ஸ்டர்ஜனுடையதுதான். டைனோசர் காலத்திலிருந்தே பூமியில் இருக்கும் மீன் இனம் இது. செதிலுக்குப் பதில் உடம்பில் வரிசையாக எலும்புத் தகடுகள், வாய்க்கு முன்னால் நான்கு மீசைகள். வட அமெரிக்காவின் நன்னீர் மீன்களிலேயே பெரியது வெள்ளை ஸ்டர்ஜன்.

கூட்னே நதி கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்து, அமெரிக்காவின் மொன்டானா, ஐடஹோ வழியாகச் சுற்றி மறுபடியும் கனடாவுக்கே திரும்புகிறது. பனியுக முடிவில், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன், பானிங்டன் அருவி இங்குள்ள ஸ்டர்ஜன்களை மற்ற ஸ்டர்ஜன்களிடமிருந்து பிரித்துவிட்டது. கடலுக்குப் போக வழியில்லை. வெளியிலிருந்து புதிய மீன் வரவும் வழியில்லை. இந்த நதியில் அழிந்தால், இந்தக் கிளை அதோடு முடிந்தது.

சிக்கல் எங்கே தொடங்கியது?

மொன்டானாவில் கட்டப்பட்ட லிப்பி அணை 1972-ல் நீரைத் தேக்கத் தொடங்கியது. வெள்ளத் தடுப்பு, மின்சாரம் இரண்டுக்கும் பயன்படும் அணை. மனிதர்களுக்கு லாபம். ஆனால் மீனுக்கு மூன்று வகையில் அடி.

ஒன்று, வெள்ளம். வசந்த காலத்தில் பனி உருகி வரும் பெருவெள்ளம்தான் ஸ்டர்ஜனுக்கு 'முட்டையிட நேரம் வந்தாச்சு' என்று சொல்லும் சிக்னல். அணைக்குப் பிறகு அந்த உச்ச நீரோட்டம் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது.

இரண்டு, சாப்பாடு. மேலிருந்து வரும் சத்துகள் அணையிலேயே தங்கிவிடுகின்றன. கீழே நீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. ஆனால் பாசி, பூச்சி, சிறுமீன் என உணவுச் சங்கிலி மொத்தமும் இளைத்துவிட்டது.

மூன்று, படுக்கை. ஸ்டர்ஜன் முட்டை கூழாங்கல்லில் ஒட்டிக்கொண்டு வளர வேண்டும். ஆனால் பானர்ஸ் ஃபெர்ரி ஊருக்குக் கீழே இவை முட்டையிடும் இடத்தில் இருப்பது பெரும்பாலும் மணலும் களிமண்ணும். மணல் மூடியதும் முட்டை மூச்சுத் திணறிச் செத்துவிடுகிறது. நல்ல கல் படுகை மேலே சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. பெரும்பாலான மீன்கள் அதுவரை போய் முட்டையிடுவதில்லை.

விளைவு? 1970-களின் இறுதியில் சுமார் 7,000 ஆக இருந்த வளர்ந்த மீன்கள், 2000-ல் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டதாக மதிப்பிடப்பட்டது. 1994-லேயே அமெரிக்க அரசு இவற்றை 'அழியும் நிலையில் உள்ளவை' பட்டியலில் சேர்த்திருந்தது.

பழங்குடிகள் என்ன செய்தார்கள்?

பட்டியல் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அதற்கு முன்பே பானர்ஸ் ஃபெர்ரி அருகே ஒரு குஞ்சு பொரிப்பகத்தைத் தொடங்கிவிட்டார்கள். முறை இதுதான்: நதியிலிருந்து முதிர்ந்த ஆண், பெண் மீன்களைப் பிடிப்பது, முட்டையையும் விந்தையும் எடுப்பது, பெற்றோரை மறுபடி நதியில் விடுவது, குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்து, அடையாளமிட்டு விடுவிப்பது. 2014-ல், மோயி நதி வந்து சேரும் இடத்தில் இரண்டாவது பொரிப்பகமும் வந்தது.

இந்தக் குஞ்சுகள் நதியில் நன்றாகவே பிழைக்கின்றன. அதாவது, குஞ்சு கொஞ்சம் வளர்ந்துவிட்டால் தப்பித்துவிடும். அடி விழுவது முட்டைக்கும், பொரிந்த புதிதில் இருக்கும் குஞ்சுக்கும்தான்.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. பொரிப்பகம் ஐ.சி.யு. மாதிரி. உயிரைப் பிடித்து வைக்கும், வீட்டுக்கு அனுப்பாது. பிடிபடும் சில பெற்றோர்களின் பிள்ளைகளே நதி முழுக்க நிறைந்தால் மரபணு வகைகளும் குறையும். அதனால்தான் நதியையே சரிசெய்யும் வேலை நடக்கிறது.

அணையிலிருந்து வசந்த காலத்தில் ஸ்டர்ஜனுக்கென்றே கூடுதல் நீர் திறக்கிறார்கள். கீழே ஊரும் வயலும் இருப்பதால் அதற்கும் ஓர் அளவு உண்டு. 2005 முதல் நதியில் திரவ உரம் கலக்கிறார்கள். நம்மூரில் நதியில் உரம் கலந்தால் ஆபத்து என்போம். இங்கே பசியோடு இருக்கும் நதிக்கு அது அளந்து கொடுக்கும் சத்து மருந்து. 2011 முதல் ஆழமான மடுக்கள், தீவுகள், கரையோர மரங்கள் என நதியின் பழைய உருவத்தைத் துண்டு துண்டாக மீட்கிறார்கள். முட்டையிடும் இடத்தில் கற்களைக் கொட்டிச் சோதனையும் செய்திருக்கிறார்கள்.

பலன் கிடைக்குமா?

ஒரு நல்ல முன்னுதாரணம் அதே நதியில் இருக்கிறது. பர்பாட் என்ற மீனும் அங்கே கிட்டத்தட்ட காணாமல் போயிருந்தது. ஐடஹோவில் 1992-ல் அதைப் பிடிக்கத் தடை வந்தது. பொரிப்பகமும் நதிச் சீரமைப்பும் கைகொடுக்க, 2019 ஜனவரியில் தடை நீங்கியது. பழங்குடிகளின் தட்டில் பர்பாட் மறுபடி வந்தது.

ஆனால் பர்பாட் சில ஆண்டுகளிலேயே முதிர்ந்துவிடும். கூட்னே ஸ்டர்ஜன் பெண் மீன் முதல் முறை முட்டையிடவே சுமார் 30 வயதாகும். அதன் பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். அணைக்கு முன் பிறந்த மீன்கள் இன்னும் உயிரோடு இருக்கக் காரணமும் இதே நீண்ட ஆயுள்தான். ஆனால் அவையும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன.

இது ஏன் முக்கியம்?

உலகில் மிஞ்சியிருக்கும் 26 ஸ்டர்ஜன் இனங்களும் அழிவின் ஆபத்தில் இருப்பதாக 2022-ல் ஐ.யு.சி.என். அறிவித்தது. அணை கட்டிய நதிகளில் அவற்றை மீட்க முடியுமா என்ற கேள்விக்கு, நீண்டகாலமாகப் பதில் தேடிவரும் இடங்களில் ஒன்று கூட்னே.

1990-களின் தொடக்கத்தில் தொட்டியில் பிறந்த முதல் தலைமுறைக்கு இப்போது 30 வயதைத் தாண்டிவிட்டது. அந்தப் பெண் மீன்கள் முட்டை சுமந்து நதியின் மேல் நோக்கி நீந்தும் பருவம் இதுதான். அவை முட்டையிடும் இடத்தில் மணல் இருக்கப்போகிறதா, கல் இருக்கப்போகிறதா? இத்தனை ஆண்டு உழைப்பின் பலன் அதில்தான் இருக்கிறது.