பாக்கெட்டின் பின்பக்கம்

வீட்டு அலமாரியில் பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பொருள்கள் பல. அந்த நம்பிக்கைக்கு எது தகுதியானது என்ற விவரம் மட்டும் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது.

மாதத்தின் முதல் வாரத்தில் எழுதப்படும் மளிகைப் பட்டியலைப் பாருங்கள். பல வரிகளில் பொருளின் பெயரே இருக்காது, கம்பெனியின் பெயர்தான் இருக்கும். பற்பசைக்குக் கோல்கேட், சலவைத் தூளுக்கு சர்ஃப், வனஸ்பதிக்கு டால்டா. மாமியார் வாங்கிய சோப்பையே மருமகளும் வாங்குகிறார். அப்பா குடித்து வளர்ந்த பானத்தையே மகளுக்கும் கலக்கிக் கொடுக்கிறார்கள். இந்தியக் குடும்பங்களில் நகைநட்டோடு பிராண்டுகளும் பரம்பரையாக வருகின்றன.

இதில் தவறில்லை. காலையில் இரண்டு குழந்தைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு ஒவ்வொரு பாக்கெட்டையும் ஆராய நேரமில்லை. பழகிய பெயர் வேலையைச் சுலபமாக்குகிறது. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் நடந்தவை ஒன்றைத் தெளிவாக்கிவிட்டன. பாக்கெட்டின் முன்பக்கம் விற்பனையாளருடையது. பெற்றோருக்குத் தேவையான செய்தி பின்பக்கத்தில் இருக்கிறது.

பாசத்துக்கு முழுத் தகுதியுள்ள பொருள் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் பிரஷர் குக்கரைத்தான் சொல்ல வேண்டும். மும்பையில் 1959இல் தொடங்கிய ஹாக்கின்ஸும், டி.டி.கே. குழுமத்தின் பிரெஸ்டீஜும் இந்தியச் சமையலறையையே மாற்றிப் போட்டன. குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. முக்கால் மணி நேரம் வேக வேண்டிய பருப்பு நாலைந்து விசிலில் குழைந்துவிடுகிறது. எரிவாயு மிச்சம். அதைவிட, வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் காலை நேரம் மிச்சம்.

ஆனால் அந்த அழுத்தமே ஆபத்தும் கூட. வெயிட் வைக்கும் குழாயில் பருக்கை அடைத்துக்கொண்டாலோ, கேஸ்கட் இறுகிப்போனாலோ, தெருமுனையில் வாங்கிய மட்டமான சேஃப்டி வால்வைப் பொருத்தினாலோ குக்கர் வெடிகுண்டாகிவிடும். அதனால்தான் 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை விற்கக்கூடாது என்பது சட்டமாயிற்று. அதன் பிறகும் முத்திரையில்லாத குக்கர்கள் இணையக் கடைகளில் விற்பனையாயின. அப்படி விற்ற 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் அமேசானுக்கு உத்தரவிட்டு, 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. குக்கர் வாங்கும்போது பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் அந்தச் சின்ன முத்திரையைத் தேடுவது நல்லது.

குளியலறைக்கும் இதே விதிதான். சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஓர் எண் இருக்கும். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புச் சத்தின் அளவு அது. இந்தியத் தரநிலைப்படி 76 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதல் தரம், 70க்கு மேல் இரண்டாம் தரம், 60க்கு மேல் மூன்றாம் தரம். ‘டாய்லெட் சோப்’ என்று போடாமல் ‘பேத்திங் பார்’ என்று போட்டிருந்தால் அது வேறு வகை. அதில் இந்த அளவு இன்னும் குறைவாக இருக்கலாம். உறையில் சிரிக்கும் நடிகைக்கும் இந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள் இன்னொரு கதை. விலை அப்படியே நிற்கும். பாக்கெட்டுக்குள் இருப்பது சத்தமில்லாமல் மெலியும். இதற்கு மருந்தும் பின்பக்கத்திலேயே உண்டு. ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதையும் உறையில் அச்சிட வேண்டும் என்ற விதி 2022இல் வந்தது. இரண்டு பிஸ்கெட் பாக்கெட்டுகளை ஒப்பிட இப்போது மனக்கணக்கு தேவையில்லை, கண்ணாடி இருந்தால் போதும்.

குடும்பங்களின் நம்பிக்கை பலமாக ஆட்டம் கண்டது பாலில் கலக்கும் மாவு பானங்களில்தான். பால் கிடைப்பதே அரிதாக இருந்த நாட்டில், பாலைக் கொஞ்சமாவது ஊட்டமாக்கும் பொருளாக அவை நுழைந்தன. டாக்டர் எழுதிக் கொடுத்தார், நோயாளியைப் பார்க்கப் போனவர்கள் பாட்டிலோடு போனார்கள். 1970இல் வெண்மைப் புரட்சி தொடங்கி, 1990களின் இறுதியில் இந்தியா உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடாகிவிட்டது. பஞ்சம் போனது, பானம் போகவில்லை. உயரம், வலிமை, பரீட்சையில் மார்க் என்று விளம்பரங்கள் புதிய காரணங்களைக் கண்டுபிடித்தன.

போர்ன்விட்டாவில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டு 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் வெளியிட்ட வீடியோ நாடெங்கும் பரவியது. நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, அவர் வீடியோவை நீக்கினார். ஆனால் கேள்வி நீங்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் 100 கிராமுக்குச் சுமார் 37 கிராமாக இருந்த சேர்க்கப்பட்ட சர்க்கரை சுமார் 32 கிராமாகக் குறைந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆரோக்கிய பானம்’ என்று ஒரு வகையே இல்லை என்று சுட்டிக்காட்டி, அந்தத் தலைப்பில் இவற்றை விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. அதே மாதம் ஹார்லிக்ஸ் வகையறாவின் தலைப்பிலிருந்தும் ‘ஹெல்த்’ என்ற சொல் போய்விட்டது. குழந்தைக்கு இந்தப் பானம் பிடித்திருந்தால் ஒரு ஸ்பூன் போடுவதால் குடி முழுகிவிடாது. ஆனால் சத்து பாலில் இருக்கிறது, மாவில் இருப்பது பெரும்பாலும் ருசி என்பதைத் தெரிந்துகொண்டு போடலாம்.

சர்க்கரைக் கணக்கு பர்ஸோடும் பல்லோடும் நிற்கும்வரை பரவாயில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும்போது அது உயிர்க் கணக்காகிவிடுகிறது.

1971இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் மேற்கு வங்காளத்தின் பன்காவில் காலராவால் மடிந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. திலீப் மஹலனபிஸ் என்ற டாக்டர் உப்பு, சமையல் சோடா, குளுகோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களையே புகட்டச் சொன்னார். அவர் முகாமில் சாவு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சரியான அளவு குளுகோஸ் குடலில் உப்பையும் அதோடு தண்ணீரையும் உள்ளே இழுக்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். அளவு மீறினால் அதே சர்க்கரை உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுகோஸ், 2.6 கிராம் உப்பு, இவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும்.

ஆனால் பல ஆண்டுகளாக மருந்துக் கடைகளில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைப் பெயரில் சுமந்துகொண்டு, இந்தக் கணக்குக்கு ஒத்துவராத, பல மடங்கு சர்க்கரை கொண்ட பழரசப் பானங்கள் அட்டைப் பெட்டிகளில் விற்றன. பதறிப்போய் வரும் பெற்றோர் எந்த எழுத்தைப் பார்ப்பார்கள்? ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் சுமார் 8 ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். கடைசியில் 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், சூத்திரத்துக்கு ஒத்துவராத எந்தப் பானமும் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது.

அசல் பொட்டலத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரே லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கலந்தால் அளவு கெட்டுவிடும். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் இல்லாத ராத்திரியில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கைகொடுக்கும். குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டிலுள்ள பொருள்களிலேயே ஒரு குழந்தையின் உயிரைக் காக்கக்கூடியது இந்தப் பொட்டலம்தான். அதற்கு நட்சத்திரங்கள் விளம்பரம் செய்வதில்லை, சாக்லேட் ருசியும் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் இலவசமாகவே தருகிறார்கள். அடுத்த மாத மளிகைப் பட்டியலில் எதை அடித்தாலும், முதலுதவிப் பெட்டியில் இரண்டு பொட்டலங்கள் இருக்கின்றனவா, தேதி தாண்டவில்லையே என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேதியும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.