சுளுக்கிய காலும் மலைப்பாதையும்



மலைப்பாதையில் ஓடும் பந்தயங்கள் இன்று உலகின் பல நாடுகளில் நடைபெறுகின்றன. மைதானத்தில் ஓடுபவரின் பாதம் ஏறக்குறைய ஒரேவிதமாக நிலத்தில் படிகிறது. மலையிலோ கல், வேர், ஈரமண், படி என்று அடிக்கு அடி நிலம் மாறுகிறது. ஆகவே, இவ்வோட்டத்தில் கணுக்கால் சுளுக்குவது சாதாரணம். அங்ஙனம் சுளுக்கியவர் மீண்டும் மலையேறுவது எப்பொழுது? இதனை இன்று சிறிது ஆராய்வோம்.

கொம்பனித்தெருவில் வாழும் ஓர் இளைஞரை உதாரணமாகக் கொள்வோம். அவருக்குக் கால் சுளுக்கி மூன்று வாரமாயிற்று. வீக்கம் வடிந்துவிட்டது. காலிமுகத்திடலில் நோவின்றி நடக்கிறார். டிசம்பர்ப் பூரணையோடு சிவனொளிபாத மலைப் பருவமும் தொடங்கிவிட்டது. நண்பர்களுடன் அட்டன் சென்று விரைந்தேற விரும்புகிறார். நோவுதான் இல்லையே, தடை என்ன என்று கேட்கிறார்.

தடை உண்டு. சுளுக்கின்போது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்கள் இழுபட்டு, சில வேளை கிழிந்தும் போகின்றன. நோவு சில வாரங்களில் அடங்கலாம். நார்கள் உறுதிபெற மாதக்கணக்காகும். மற்றொன்றும் உண்டு. பாதம் எப்பக்கம் சாய்கிறது என்பதை மூளைக்கு உடனுக்குடன் அறிவிக்கும் உணர்வு, சுளுக்கினால் மந்தமடைகிறது. ஒருமுறை சுளுக்கிய கால் மறுமுறையும் எளிதில் சுளுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிவனொளிபாத மலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பாதையில் 5,000க்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. ஏறும்போது இதயமும் நுரையீரலும் உழைக்கின்றன. ஆனால் காலைச் சோதிப்பது இறக்கமே. ஒவ்வொரு படியிலும் உடலின் பாரம் முன்காலில் விழுகிறது. தொடைத் தசைகள் நீண்டுகொண்டே அப்பாரத்தைத் தாங்குகின்றன. அவை களைத்ததும் கால் தள்ளாடும். இரவெல்லாம் விழித்து ஏறியவர், விடிந்தபின் இறங்கும்போது இந்நிலையை அடைகிறார்.

ஆயின் செய்யவேண்டியது யாது? காயம்பட்ட அன்று நான்கடி நடக்க இயலாவிடினும், கணுக்கால் எலும்பைத் தொட்டால் வலித்தாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். எலும்பு முறியவில்லை என்று தெரிந்தபின், மெல்ல மெல்லப் பயிற்சி தொடங்கலாம். முதலில் சுவரருகே ஒற்றைக்காலில் அரை நிமிடம் நிற்றல். பின் கண்களை மூடி நிற்றல். பின் குதியை உயர்த்தித் தாழ்த்தல். கொழும்பிலே மலை இல்லை. ஆனால் மாடிப்படிகள் உண்டு. அவற்றில் ஏறுவதோடு நில்லாது, நிதானமாக இறங்கியும் பழகுக. நொண்டாமல் படியிறங்கவும், காயம்பட்ட காலால் மற்றக் காலைப்போலவே தத்தவும் முடிந்தபின்னரே ஓட்டத்தைப் பற்றி எண்ணலாம்.

2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் நடந்த 100 மைல் பந்தயத்தில், கிலியான் ஜோர்னெட் என்னும் ஸ்பானிய வீரர் தோள்மூட்டு விலகியும், கையைக் கட்டிக்கொண்டு ஓடி முதலிடம் பெற்றார். வியத்தகு செயலே. எனினும், காயம்பட்டது தோள். அவரைத் தாங்கிய கால்கள் இரண்டும் பழுதற்றிருந்தன. கால் சுளுக்கியவர் அவரை முன்மாதிரியாகக் கொள்வது பொருந்தாது.

மலையில் நோவு மீண்டும் தோன்றினால், வலிநீக்கி மாத்திரையை விழுங்கி மேலே செல்வது தகாது. அது நோவை மறைக்குமேயன்றி நாரை உறுதிப்படுத்தாது. ஏறிய ஒவ்வொரு படியையும் இறங்கியே ஆகவேண்டும் என்பதை நினைவிற்கொண்டு, ஏறும்போதே திரும்பிவிடுதல் அறிவுடைமை. அவ்விளைஞருக்கு நாம் கூறக்கூடியதும் இதுவே: பருவம் மே மாதத்து வெசாக் பூரணைவரை நீடிக்கிறது, மார்ச்சிலோ ஏப்ரலிலோ உறுதியான காலோடு செல்க.