ஒரு கட்டு வாற்கோதுமை

கிறிஸ்துமஸ் என்றைக்கு என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் டிசம்பர் 25 என்று சொல்லிவிடும். ஈஸ்டர் என்றைக்கு என்றால் பெரியவர்களே காலண்டரைப் புரட்டுகிறோம். 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5. ஏன் இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசலாம். இந்தக் கேள்வியின் நுனியைப் பிடித்துக்கொண்டு போனால், வசந்தகாலத்துக்கும் கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்கிற இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

கணக்கு எளிதுதான். மார்ச் 21ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைப் பிடியுங்கள். அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால் மார்ச் 22க்கு முன்னால் அது வராது, ஏப்ரல் 25ஐத் தாண்டாது. பகலும் இரவும் சமமாகி, பூமியின் வடபாதியில் வசந்தம் பிறக்கும் நாளாகத் திருச்சபை மார்ச் 21ஐ வைத்துக்கொண்டது. பல வருடங்களில் இந்தப் பௌர்ணமி நம்முடைய பங்குனிப் பௌர்ணமியேதான். முருகன் கோயிலுக்குக் காவடி போகிற அதே நிலவை ஒட்டித்தான் தேவாலயங்களில் பெரிய வெள்ளி ஆராதனையும் வருகிறது.

எல்லாச் சபைகளும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று 325இல் நைசியா சங்கம் முடிவுசெய்தது. பிறகு ஒரு சிக்கல் முளைத்தது. அன்றைய ஜூலியன் காலண்டரின் வருடம், உண்மையான சூரிய வருடத்தைவிட ஏறக்குறைய 11 நிமிடம் நீளம். நூற்றாண்டுகள் சேரச் சேர, 16ஆம் நூற்றாண்டில் காலண்டருக்கு 10 நாள் முன்னதாகவே வசந்தம் வந்து நின்றது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி, அக்டோபர் 4க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று அறிவித்து அதைச் சரிக்கட்டினார். இன்று ரேஷன் கடை முதல் ரயில் நிலையம் வரை புழங்கும் காலண்டர், ஈஸ்டர் வசந்தத்தை விட்டு நழுவிவிடக் கூடாதே என்ற கவலையில் பிறந்தது. கிழக்குத் திருச்சபைகளில் பெரும்பாலானவை பழைய கணக்கையே வைத்திருப்பதால் அவர்களுக்குப் பல வருடங்களில் வேறு ஞாயிறு.

ஒரு பண்டிகையைப் பருவத்தோடு கட்டிவைக்க இவ்வளவு பிடிவாதம் எதற்கு? இயேசு சிலுவையில் அறையப்பட்டது யூதர்களின் பஸ்கா பண்டிகைச் சமயத்தில். பஸ்கா தொடக்கத்திலிருந்தே பயிரோடு கட்டுண்ட பண்டிகை. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட ஆபிப் மாதத்தில் அதைக் கொண்டாட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். யூத மாதமோ நிலவைப் பார்த்து ஓடுவது. பன்னிரண்டு மாதம் கூட்டினாலும் 354 நாள்தான் தேறும். அப்படியே விட்டால் பஸ்கா வருடத்துக்கு 11 நாள் பின்வாங்கி, குளிர்காலத்துக்குள் போய்விடும். அதனால் இடையிடையே ஒரு மாதத்தைக் கூட்டினார்கள். இன்றைய யூதக் காலண்டரில் இது 19 வருடத்துக்கு 7 முறை என்று கணக்காகிவிட்டது. பழைய நாளில் அந்த முடிவை எடுக்கப் பெரியவர்கள் பார்த்த அடையாளங்களில் ஒன்று வயல். வாற்கோதுமைக் கதிர் முற்றத் தொடங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். பண்டிகை பயிருக்காகக் காத்திருந்தது.

இனி அந்த வசந்தம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஈஸ்டர் வாழ்த்து அட்டைகளில் நாம் காண்பது ஐரோப்பாவின் வசந்தம். பனி உருகும், மொட்டை மரம் துளிர்க்கும், புல்லில் முயல், கூடையில் வண்ண முட்டை. மாதக்கணக்கில் குளிரிலும் இருட்டிலும் கிடந்தவர்களுக்கு அதுவே உயிர்ப்பின் படமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அந்தச் சந்தோஷம் உண்மையானது. யூதேயாவின் வசந்தம் வேறு மாதிரி. அங்கே மழையே குளிர்காலத்தில்தான். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் முன்மாரி விழுந்ததும் உழுது விதைப்பார்கள். பங்குனி வாக்கில் பின்மாரி பெய்து மணியை நிரப்பும். மார்கழிக் குளிரிலேயே மலைச்சரிவு பச்சை கட்டும். தை, மாசியில் வாதுமை பூத்துவிடும். பஸ்கா வரும்போது மழை ஓய்ந்து, வாற்கோதுமை அரிவாளுக்குத் தயாராக நிற்கும். ஏழு வாரத்தில் கோதுமையும் வரும். அதற்குள் மலையின் பச்சையெல்லாம் காய்ந்து பழுப்பேறிவிடும்.

ஐயாயிரம் பேருக்கு இயேசு அப்பம் கொடுத்த நிகழ்ச்சியைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் பச்சைப் புல்லில் உட்கார்ந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். பஸ்கா நெருங்கியிருந்தது என்றும், பையனிடம் இருந்தவை வாற்கோதுமை அப்பங்கள் என்றும் யோவான் எழுதுகிறார். கலிலேயாவில் புல் பச்சையாக இருப்பது கொஞ்ச காலம்தான். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்ன விவரங்கள் ஒரே பருவத்தில் வந்து பொருந்துகின்றன.

ஆக, வேதாகமத்தின் வசந்தம் துளிர்க்கும் காலம் மட்டுமில்லை, அறுக்கும் காலமும்கூட. அந்த அறுப்பு எப்படித் தொடங்கும் என்பதை மிஷ்னா என்னும் பழைய யூத நூல் நுணுக்கமாகச் சொல்கிறது. பண்டிகைக்கு முந்தின நாளே பெரியவர்களின் ஆட்கள் வயலுக்குப் போய், நிற்கிற பயிரைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்து முடிந்துவிட்டு வருவார்கள், அறுக்க வாகாக இருக்கட்டும் என்று. பஸ்காவின் முதல் நாள் முடிந்து பொழுது சாயும்போது சுற்று வட்டார ஜனமெல்லாம் அங்கே கூடிவிடும். சூரியன் இறங்கிவிட்டதா என்று அறுப்பவர் கூட்டத்தைக் கேட்பார், ஆமாம் என்பார்கள். அரிவாளைக் காட்டிக் கேட்பார், கூடையைக் காட்டிக் கேட்பார், அறுக்கலாமா என்றும் கேட்பார். ஒவ்வொரு கேள்வியும் மூன்று தடவை. அறுத்த கதிரை ஆலய முற்றத்துக்குக் கொண்டுபோய், அடித்து, வறுத்து, திரித்து, பதின்மூன்று சல்லடையில் சலித்து, கடைசியில் ஓர் ஓமர் மாவு எடுப்பார்கள். ஏறக்குறைய 2 லிட்டர் அளவு. ஆசாரியர் அதைக் கடவுளுக்கு முன் அசைவாட்டிப் படைப்பார். அதுவரை அந்த வருடத்துப் புது விளைச்சலை யாரும் வாயில் வைக்கக் கூடாது. படைத்த கையோடு எருசலேம் கடைத்தெருவில் புது மாவும் வறுத்த தானியமும் குவிந்துவிடும்.

யோவான் நற்செய்தியின் நாள்கணக்கை வைத்துப் பார்த்தால், இயேசு சிலுவையில் அறையப்பட்ட வருடம் அந்த முதல் கதிர்க்கட்டு படைக்கப்பட்ட நாள் ஒரு ஞாயிறு. கல்லறை வெறுமையாகக் கிடப்பதை மகதலேனா மரியாள் கண்டதும் அதே ஞாயிறு விடியலில்தான்.

கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில், உயிர்த்த கிறிஸ்துவைப் பவுல் முதற்பலன் என்று அழைப்பது இந்தப் பின்னணியில்தான். அறுப்பின் பண்டிகைக்கு வாழைக்குலையும் தேங்காயும் கொண்டுவந்து பீடத்தின் முன் வைக்கும் நம் ஊர் சபையார் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஒரு கட்டு கோயிலுக்கு வந்திருக்கிறது என்றால் வயலில் மிச்சம் நிற்கிறது. அதே மண், அதே விதை, அதே பயிர். ஒன்று முன்னால் வந்துவிட்டது, மற்றவை வரப்போகின்றன.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வசந்தம் தரும் ஆறுதலுக்கு ஓர் எல்லை உண்டு. போன வருடம் உதிர்ந்த இலை இந்த வருடம் திரும்பி வருவதில்லை; கிளையில் இப்போது இருப்பது வேறு இலை. மரத்துக்கு அது போதும். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கும் மகனுக்கு? குளிர்காலம் போனால் வசந்தம் வரும், மனதைத் தேற்றிக்கொள் என்று அவனிடம் சொன்னால், உலகம் பாட்டுக்கு நடக்கும், உன் அம்மா மட்டும் இல்லை என்றுதான் அவன் காதில் விழும். கிறிஸ்தவ விசுவாசம் அவனிடம் சொல்வது அதைவிட மிகத் துணிச்சலானது. உன் அம்மாவையே திரும்பப் பார்ப்பாய் என்கிறது. சிலுவையில் அறையப்பட்டவரேதான் எழுந்தார், காயங்களோடு எழுந்தார். தோமாவுக்குக் காட்டியது அந்தக் காயங்களைத்தான். வசந்தம் வருடா வருடம் வந்து போகும். இது ஒரே ஒரு தடவை நடந்தது. நம் நம்பிக்கை நிற்பது அந்த ஒரு தடவையின் மேல்.

கோதுமை மணி மண்ணில் விழுந்து சாக வேண்டும் என்று இயேசு சொன்னதை எடுத்தால், அறிவியல் படிக்கிற பிள்ளைகள் விடமாட்டார்கள். விதை சாகவில்லையே, உள்ளே கரு உயிரோடுதானே இருக்கிறது என்பார்கள். சரியான கேள்வி. ஈரம் பட்டதும் மணி நீரை உறிஞ்சி ஊதுகிறது. நொதிகள் எழுந்து, மணியில் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாகக் கரைக்கின்றன. கரு அதைத் தின்று வளர்கிறது. முளை தலைகாட்டிச் சில நாளில் மணி இருந்த இடத்தில் வெறும் தோல்தான் மிஞ்சும். மணியாக இருந்தது தன்னை முழுக்கக் கொடுத்துத் தீர்ந்துவிட்டது. இயேசு தம் சாவைப் பற்றிச் சொல்ல வந்தது அதைத்தான். ஆனால் கல்லறையில் வைத்த உடலுக்குள் அப்படி ஒரு கரு ஒளிந்திருக்கவில்லை. அங்கே உயிர் கொடுத்தவர் கடவுள். விதை பாதி வழி வரைக்கும் கூட்டிப்போகும், மீதி விசுவாசம் என்று பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஈஸ்டர் இலையுதிர்காலத்தில் வருகிறது. அவர்கள் பாடும் அல்லேலூயாவில் ஒரு குறையும் இல்லை. நமக்கோ அது வெயில் ஏறும் நேரம். ஆனால் பங்குனியில் ஒரு புங்கமரத்தைப் போய்ப் பாருங்கள். மழை பெய்து மாதங்கள் ஆகியிருக்கும், தரை வெடித்துக் கிடக்கும். இலையை உதிர்த்த மரம் சில நாளிலேயே எண்ணெய் பூசினாற்போல் மினுக்கும் தளிரால் மூடிக்கொள்ளும். வேர் எட்டிப் பிடித்திருக்கும் ஆழத்து ஈரம் அதற்குப் போதும். மேலே மழைக்காக அது காத்திருப்பதில்லை. வாழ்த்து அட்டையின் வசந்தத்தைவிட இந்தத் தளிர் எனக்கு நெருக்கமானது. நம் கண்ணெதிரே, நம் வெயிலில் நடக்கிறது.

புதுப்பித்தல் என்று சொல்கிறோமே, அதைத் திருச்சபை ஆதியிலிருந்தே செயலாகச் செய்து வந்திருக்கிறது. ஈஸ்டர் இரவில் திருமுழுக்கு கொடுப்பார்கள்; தண்ணீரிலிருந்து ஏறியவர்களுக்கு வெள்ளை உடை உடுத்துவார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் பாஸ்கா திருவிழிப்பின்போது இன்றும் புது நெருப்பு மூட்டி, அந்த வருடத்தின் எண்களைப் பொறித்த பாஸ்கா திரியை ஏற்றி, எல்லாரும் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார்கள். தவக்காலத்தின் 40 நாளும் இதற்கான தயாரிப்பு.

நம் வீடுகளில் அந்த 40 நாளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம். கறி மீனை விடுகிறோம், விசேஷங்களைத் தள்ளிவைக்கிறோம். ஈஸ்டர் மத்தியானம் பிரியாணியோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. கதிர்க்கட்டைப் படைத்த நாளிலிருந்து யூதர்கள் ஏழு வாரம் நாள் எண்ணினார்கள். ஐம்பதாம் நாள், புதுக் கோதுமை மாவில் சுட்ட இரண்டு புளித்த அப்பங்களைக் கொண்டுவந்தார்கள். அதே நாளில்தான் நாம் பெந்தெகொஸ்தே என்கிற ஆவியானவரின் பெருவிழா வந்தது. தவக்காலத்தைவிட நீளமான இந்த 50 நாள் சந்தோஷத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த நாட்களில் முழங்கால் போடாமல் நின்றுகொண்டே ஜெபிக்க வேண்டும் என்று நைசியா சங்கம் தன் இருபதாவது விதியில் எழுதிவைத்தது. எழுந்தவரின் ஜனம் எழுந்து நிற்கட்டும் என்பது எண்ணம். சாம்பல் புதனைக் காலண்டரில் வட்டமிடுகிற வீட்டார் பெந்தெகொஸ்தேவையும் வட்டமிடுங்கள். இடையில் இருக்கும் ஏழு வாரத்தில், போன வருடம் சாவு விழுந்த ஒரு வீட்டுக்கு ஏழு தடவை போய்வாருங்கள். முதல் தடவை என்ன பேசுவதென்று தெரியாமல் போனாலும் பரவாயில்லை, டீ குடித்துவிட்டு வாருங்கள்.